நற்சேவைச் சான்று எண் இரண்டு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கும் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கும் அடுத்தபடியாக, வரலாற்றில் வைத்து எண்ணத்தக்க மூன்றாவது பாய்ச்சல் 'திறந்த வாசல்' இயங்குதளத்தின் குறைந்தபட்சத் தகுதி இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு உயர்த்தப்பட்டதுதான். இதை வரலாறு சொல்லவில்லை. திறந்த வாசல் பேரவை தன் செய்தி மடலின் முதல் பக்கத்தில் தானே சொல்லிக்கொண்டது.

பாய்ச்சல் நிகழ்ந்த அன்று காலை ஒன்பதரை மணிக்கு அளவுக்காரர் தன் பட்டறையில் கணினியைப் போட்டார். அது வரவில்லை.

ஒரு கால் நீளம் ஒரு கால் குட்டை என்று ஆகிப்போனவர்களுக்கும், பாதம் உள்பக்கம் மடிந்தவர்களுக்கும், விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டவர்களுக்கும் காலணி செய்து கொடுப்பது அளவுக்காரரின் தொழில். பட்டறையின் ஒரு மூலையில் ஒரு தகடு கிடக்கும். அதன்மேல் ஏறி நின்றால் பாதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று திரையில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் காட்டும். தகட்டைச் செய்த கம்பெனி ஏழு வருடம் முன்பே கடையைக் கட்டிவிட்டது. தகட்டிலிருந்து வரும் ஒயர் முடிகிற அட்டையைச் சொருகுவதற்கு இந்தப் பழைய கணினியில்தான் இடம் இருந்தது. புதிய கணினிகளில் அந்த மாதிரி ஓட்டையே வைப்பதில்லை. ஆகையால் தகடும் கணினியும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாத தம்பதி. இருவருக்கும் நடுவில் இருந்து குடும்பம் நடத்திவைத்தது திறந்த வாசல். இனாமாகக் கிடைப்பது, ஒரு நாள் தகராறு செய்ததில்லை. அவ்வப்போது 'புதுப்பிக்கலாமா' என்று கேட்கும். அளவுக்காரர் 'சரி' என்பார். முந்தின நாள் மாலையும் கேட்டது. முந்தின நாள் மாலையும் 'சரி' என்றார்.

அன்று தகட்டில் ஏறவேண்டிய பாதம் அவருடைய அண்ணியுடையது.

அண்ணி மாடிப்படியில் விழுந்து, இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகி, சக்கர நாற்காலியில் இருந்தார். அண்ணன் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார். இடது கால் இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ குட்டையாகிவிட்டது. அந்தக் 'கூடவோ குறையவோ' எவ்வளவு என்பதைத் தகடு சொல்லவேண்டும். இன்னும் இருபது நாளில் நடக்க ஆரம்பிக்கலாம் என்றும், முதல் அடியே சரியான காலணியோடுதான் வைக்கவேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். உடம்பு முதலில் எதைக் கற்றுக்கொள்கிறதோ அதைத்தான் கடைசிவரை வைத்துக்கொள்ளுமாம். கோணலாகக் கற்றுக்கொண்டால் கோணல்.

"என்ன தம்பி, காலைத் தூக்கி வச்சுட்டு உக்காந்திருக்கேன். உங்க பெட்டி இன்னும் எந்திரிக்கலையா?" என்றார் அண்ணி.

"ஏதோ எழுத்து வருது அண்ணி."

"படிங்க."

அளவுக்காரர் படித்தார். "உங்கள் கணினி இதுவரை ஆற்றிய பணிக்கு நன்றி. எங்கள் எதிர்காலத்தில் அதற்கு இடம் இல்லை. திறந்த வாசல், யாவர்க்கும்."

"எங்க மாமியார் எழுதின மாதிரி இருக்கு," என்றார் அண்ணி.

பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று அளவுக்காரர் தைரியம் சொன்னார். அதற்கான சிடி ஒன்று பட்டறையில் இருந்தது. எங்கே இருந்தது என்று தேடியதில் ரப்பர் பசை டப்பாவின் அடியில் கிடைத்தது. ஆறு வருடமாகப் பசை மேசையில் சிந்தாமல் இருக்க அதைத்தான் அடியில் கொடுத்திருந்தார். டப்பாவைத் தூக்கினால் அதுவும் சேர்ந்து வந்தது. நல்ல பசை. அவரே சிபாரிசு செய்கிற ரகம்.

பேரவையின் வலைத்தளத்தில் பழைய பதிப்பு இல்லை. 'உங்கள் பாதுகாப்புக்காக நீக்கப்பட்டது' என்றிருந்தது. விதிவிலக்கு கோருவோர் விண்ணப்பிக்கலாம் என்று கீழே ஒரு வரி. விண்ணப்பத்தை அளவுக்காரர் தன் போனில் திறந்தார். மூன்றாம் நிலைக் கணினியில் மட்டுமே திறக்கும் என்றது. அவருக்குப் பேரவையின் தலைமை அலுவலகம் எங்கே என்று தெரியும். இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும்.

மறுநாள் கணினியைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அலுவலகம் எட்டு மாடி. முன் கதவு தானாகத் திறப்பது. திறந்த வாசல் என்று பெயர் வைத்தவர்கள் வாசலுக்காவது செலவழித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போனவரை ஒரு மேசை மறித்தது. மேசைக்குப் பின்னால் கழுத்தில் அட்டை தொங்க ஓர் அம்மாள்.

"மூட்டையில என்ன?"

"கம்ப்யூட்டர்மா."

"எத்தனையாம் நிலை?"

"ரெண்டுன்னு சொல்றாங்க."

அந்த அம்மாள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். "ரெண்டாம் நிலையை வளாகத்துக்குள்ள விடக்கூடாது சார். சைக்கிள் ஸ்டாண்டுல வச்சுட்டு வாங்க. வெயில் படாம வைங்க, அதோட மரியாதையில நாங்க குறை வைக்கிறதில்ல."

வைத்துவிட்டு வந்தார். நிலை என்றால் என்னவென்று கேட்டார். அவர் கேட்டதில் அந்த அம்மாளுக்குச் சந்தோஷம். ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அதில் இருப்பதையே வாயாலும் சொன்னார். கணினியின் மூளை பிராசசர். அதற்குச் சில கட்டளைகள் தெரியும். இரண்டாம் நிலை பிராசசரை எட்டுக் கூட்டல் போடச் சொன்னால் நாலு நாலாக இரண்டு மூச்சில் போடும். மூன்றாம் நிலை எட்டையும் ஒரே மூச்சில் போட்டுவிடும்.

"எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு காலுதாம்மா வருது," என்றார் அளவுக்காரர். "கூட்டம் இருந்தா நாலு."

"அதை விசாரணையில சொல்லுங்க."

"இதை மாத்தறதுக்கு முன்னாடி எங்ககிட்ட எல்லாம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டோமே. கணக்கெடுப்பு நடத்தினோம். நூத்துக்கு நூறு பேர் மூணாம் நிலையிலதான் இருக்காங்க."

"எங்கிட்ட யாரும் கேக்கலையே."

"புதுப் பதிப்பைப் போட்டதும் முதல் திரையில ஒரு கேள்வி வரும். அதுலதான் கேட்டோம்."

"புதுப் பதிப்பு எனக்கு ஓடாதேம்மா."

"அதனாலதான் நீங்க அதுல வரலை," என்றார் அந்த அம்மாள், கணக்கு சரியாக வந்துவிட்ட திருப்தியுடன்.

விசாரணைக்குப் பத்து நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். இதுவே விரைவு வரிசையாம். வரிசையில் வேறு யாரும் இல்லை.

அந்தப் பத்து நாளும் அண்ணி தினமும் போன் செய்தார். முதல் நாள் கேலி. நாலாம் நாள் கேலி குறைந்தது. எட்டாம் நாள், "நான் ஒண்ணும் அவசரப்படுத்தல தம்பி. டாக்டர்தான் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்காரு," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கேலி செய்யாத அண்ணியை அளவுக்காரருக்குப் பழக்கமில்லை.

அண்ணன் ஒரு நாள் வந்து, புதுக் கணினியே வாங்கிவிடலாம், தான் வாங்கித் தருகிறேன் என்றார். அளவுக்காரர் தகட்டின் அட்டையைக் கழற்றிக் காட்டினார். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு புதுக் கணினிப் பேச்சை விட்டுவிட்டு அதை மேசையில் வைத்தார்.

விசாரணை ஏழாவது மாடியில். அறையின் பெயர் 'பின்தங்கியோர் நல அரங்கம்'. நீள மேசையின் அந்தப் பக்கம் பேரவைத் தலைவரும் இரண்டு உறுப்பினர்களும். உறுப்பினர்கள் இருவரும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. தலைவர் பேசும்போது ஒருவர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். மற்றவர் அதைக் குறித்துக்கொண்டார்.

முதலில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அளவுக்காரரும் நின்றார். ஓய்வு பெற்ற பிராசசர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் என்றார்கள். அளவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தால் பார்வை தானாகப் பாதங்களுக்குப் போகும், அது தொழில் வாகு. தலைவரின் வலது பூட்சின் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. இந்த ஆளுக்கு முழங்கால் வலி இருக்கும் என்று அளவுக்காரர் நினைத்துக்கொண்டார். ஒன்றரை மில்லிமீட்டர் தோல் கொடுத்தால் சரியாகிவிடும்.

உட்கார்ந்ததும் தன் விஷயத்தைச் சொன்னார். அண்ணி, இடுப்பு, தகடு, இன்னும் ஒன்பது நாள். கையோடு கொண்டுபோயிருந்த ஒரு பாத வரைபடத்தையும் எடுத்து வைத்தார். தலைவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு," என்றார்.

பிறகு பேசினார்.

"ஐயா, உங்க உணர்வு எங்களுக்குப் புரியுது. எங்களுக்கும் மனசு இருக்கு, அதுக்குன்னு தனியா ஒரு துணைக்குழுவே இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன். நாங்க யாரையும் விட்டுட்டுப் போகல. நாங்க போறோம், அவ்வளவுதான். நிக்கிறவங்க நிக்கிறாங்க. இதுல விடுறதுங்கிற பேச்சு எங்க வருது?"

"வேகம் எவ்வளவுங்க கூடும்?" என்று கேட்டார் அளவுக்காரர்.

"எங்க நிபுணர்கள் அளந்திருக்காங்க. நூத்துக்கு ஒண்ணு."

"ஒண்ணா?"

"சில சமயம். ஆனா வேகம் முக்கியமில்லங்க. திசை முக்கியம். பக்கத்துப் பேரவைக்காரங்க போன வருஷமே மூணாம் நிலைக்குப் போயிட்டாங்க. நாங்க ரெண்டுலயே உக்காந்திருந்தா நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

தலையாட்டுகிற உறுப்பினர் ஆட்டினார். குறிக்கிறவர் குறித்தார்.

"எனக்குப் புதுசே வேண்டாங்க. பழைய பதிப்பை ஒரு சிடியில போட்டுக் குடுத்தீங்கன்னா போதும். எடுத்துட்டுப் போய் ஒரு ஓரமா இருந்துக்கிறேன்."

"பழைய பதிப்பு பாதுகாப்பு இல்லாததுங்க. போன வாரம் வரைக்கும் அதுதான் உலகத்துலயே பாதுகாப்பானது. இப்ப இல்ல. அதனால அழிச்சுட்டோம். தெரிஞ்சே ஒரு ஆபத்தை உங்க கையில குடுக்க எங்களுக்கு மனசு வராது."

"இணைய ஒயரைப் பிடுங்கிப் போட்டுடறேனே. எந்த ஆபத்து உள்ள வரும்?"

தலைவர் வருத்தத்தோடு சிரித்தார். "இணைப்பு இல்லாததை நாங்க கம்ப்யூட்டர்னே ஏத்துக்கிறதில்ல. கம்ப்யூட்டரே இல்லாதவருக்கு இயங்குதளம் எதுக்கு? உங்க வாயாலயே உங்க மனுவைத் தள்ளுபடி பண்ணிக்கிறீங்க பாருங்க."

அளவுக்காரர் கடைசி அஸ்திரமாக எண்ணிக்கையைச் சொல்லிப் பார்த்தார். தனக்கு வருவது ஒரு நாளைக்கு இரண்டு கால், எட்டுக் கூட்டலை ஒரே மூச்சில் போடவேண்டிய அவசரம் கால்களுக்கு இல்லை என்றார்.

"அங்கதான் நீங்க தப்பு பண்றீங்க," என்றார் தலைவர். "தேவையை வளர்த்துக்கணும். உங்க தேவை சின்னதா இருக்கிறதுக்கு நாங்க எப்படிங்க பொறுப்பாக முடியும்?"

மனு தள்ளுபடி ஆனது. ஆனால் வெறுங்கையோடு யாரையும் அனுப்புவது பேரவையின் வழக்கமில்லை. சட்டம் போட்ட ஒரு சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். கணினியின் பெயரும் வயதும் எழுதி, 'பதினோரு ஆண்டுகள் தன்னலமின்றிக் கூட்டியும் கழித்தும் ஆற்றிய நற்சேவைக்காக' என்று அச்சிட்டிருந்தது. கீழே தலைவர் கையெழுத்து. மூலையில், சான்று எண் இரண்டு. போட்டோ எடுத்தார்கள். கணினி சைக்கிள் ஸ்டாண்டில் இருந்ததால் அதன் சார்பில் அளவுக்காரர் சிரித்தார்.

"முதல் சான்று யாருக்குங்க குடுத்தீங்க?" என்று கேட்டார்.

போட்டோ எடுத்தவர் மட்டும் இருமினார்.

லிஃப்ட் என்று நினைத்து அளவுக்காரர் தள்ளிய கதவு லிஃப்ட் இல்லை. ஜன்னல் இல்லாத சின்ன அறை. உள்ளே காலரைச் சுற்றிக் கைக்குட்டை வைத்த ஒரு மனிதர், கையில் தட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. அளவுக்காரர் அந்த உறுமலை எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆரம்பத்தில் ஒரு கரகரப்பு, பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு, அப்புறம் ஒரு டக். பதினோரு வருடம் தினமும் காலையில் கேட்ட சத்தம். அவருடைய கணினியின் அதே ரகம், அதே வயது. அதன் தலைமேல் சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. சான்று எண் ஒன்று.

"யாருங்க நீங்க?" என்றார் சாப்பிட்டவர்.

"வழி தப்பிட்டேன். நீங்க?"

"தொகுப்பாளர். நிரல் எழுதறவங்க எழுதிக் குடுப்பாங்க. அதையெல்லாம் மெஷினுக்குப் புரியிற மாதிரி மாத்தி, ஒண்ணாக் கட்டி, பதிப்பா வெளிய அனுப்பறது நான்."

"இதுலயா?"

"இதுலதான். கட்டினதை இங்கயே ஓட்டிப் பார்த்து, ஓடினாத்தான் முத்திரை போடணும். விதி அப்படி."

அளவுக்காரர் இயந்திரத்தைப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். "இது எத்தனையாம் நிலைங்க?"

தொகுப்பாளர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, காலரிலிருந்த கைக்குட்டையை எடுத்து இயந்திரத்தின் முகத்தில் போட்டு மூடினார். "அண்ணே, அதை மட்டும் கேக்காதீங்க. ரெண்டு பிள்ளைங்க இருக்கு எனக்கு."

"நான் யார்கிட்டயும் சொல்லல. இதுக்குள்ள பழைய பதிப்பு இருந்தா எனக்கு ஒண்ணு எடுத்துக் குடுங்க. எங்க அண்ணி நடக்கணும்."

தொகுப்பாளரின் முகம் நிஜமாகவே வாடியது. "பதிவேட்டுல இந்த மெஷின் போன மாசமே ரிட்டையர் ஆயிடுச்சு. இங்கேயிருந்து எது வெளிய போனாலும் நம்பர் விழும். இல்லாத மெஷின்லேர்ந்து ஒரு பதிப்பு போச்சுன்னா நான் என்னன்னு எழுதறது? உங்களுக்கு நம்பர் இல்லாம ஒரே ஒரு பொருள்தான் குடுக்க முடியும்." தட்டிலிருந்த பிஸ்கட்டை நீட்டினார். அளவுக்காரர் வாங்கிக்கொண்டார். வாங்காமல் வந்திருந்தால் அந்த மனிதர் அழுதிருப்பார்.

சைக்கிள் ஸ்டாண்டில் கணினி வெயில் படாமல் இருந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேராக அண்ணியிடம் போனார். அண்ணி சான்றிதழை வாங்கி முழுக்கப் படித்தார். "தன்னலமின்றின்னு போட்டிருக்கு. பெட்டிக்குச் சரி, உங்களையும் அதுல சேர்த்துட்டாங்களா?"

"கையால அளந்துடறேன் அண்ணி. முன்னாடியெல்லாம் அப்படித்தான் அளந்தோம்."

"முன்னாடின்னா எப்ப?"

"பதினோரு வருஷம் முன்னாடி."

கை மறக்காது என்பார்கள். அளவுக்காரரின் கை நன்றாகவே மறந்திருந்தது. முத்திரை மை வாங்கி வந்து அண்ணியின் பாதங்களில் தடவினார். அண்ணன் தோளைப் பிடித்துக்கொள்ள அண்ணி காகிதத்தில் நின்றார். முதல் காகிதத்தில் பாதம் வழுக்கியது. இரண்டாவதில் அண்ணன் சேர்த்து மிதித்துவிட்டார். மூன்றாவதில் தெளிவாக விழுந்தது, ஆனால் மைக்குப் பாரம் தெரியாது. எங்கே தொட்டது என்று சொல்லும். எவ்வளவு அழுத்தியது என்று சொல்லாது. அளவுக்காரர் முழந்தாளிட்டு, அண்ணியின் இடுப்பெலும்பு இரண்டையும் கண்ணால் நேர்கோடு பார்த்து, அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாக இடது குதிகாலுக்கு அடியில் சொருகினார்.

"இது சரியா இருக்கா அண்ணி?"

"சரியாத்தான் இருக்கு."

இன்னும் ஒன்று சொருகினார். "இப்ப?"

"இப்பவும் சரியாத்தான் இருக்கு. தம்பி, எனக்கு எப்படித் தெரியும்? ரெண்டு மாசமா நான் நின்னதே இல்லையே."

இருபத்தோரு மில்லிமீட்டர் என்று முடிவு செய்தார். எப்படி முடிவு செய்தார் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. டாக்டர் வட்டம் போட்ட தேதிக்குக் காலணி தயாராகிவிட்டது. தையல் சுத்தம், தோல் முதல்தரம். அண்ணி அதைப் போட்டுக்கொண்டு முதல் அடி வைத்தார். பத்து நாளில் குதிகால் கன்றியது. மூன்று மில்லிமீட்டர் குறைத்தார். முழங்கால் வலித்தது. ஒன்றரை கூட்டினார். நாலாவது வாரம் ஒருவழியாக அளவு சரிக்கு வந்தது. டாக்டர் அண்ணியை வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிட்டுப் பார்த்தார்.

"செருப்பு இப்ப சரியா இருக்கு," என்றார். "நடைதான் சாயுது. முதல்ல பழகினது. இனிமே அப்படித்தான் இருக்கும்."

திரும்பி வரும்போது அளவுக்காரர் அண்ணியின் சாய்ந்த நடையையே பார்த்துக்கொண்டு வந்தார். அண்ணிதான் பேசினார். "ஏன் தம்பி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிறீங்க? இடப்பக்கமாத்தானே சாயறேன். உங்க அண்ணன் இனிமே எனக்கு வலப்பக்கம் நடக்கட்டும், இடிக்காது."

அடுத்த வாரம் அண்ணன் வலப்பக்கம் நடக்க ஆரம்பித்ததை அளவுக்காரர் பட்டறை வாசலில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய், பசை டப்பாவைத் தூக்கிச் சான்றிதழின் கண்ணாடிமேல் வைத்தார். மேசைக்கு அது தோதான அளவு.

சான்று பெற்றவர்களுக்குப் பேரவையின் செய்தி மடல் ஆயுள் முழுவதும் இலவசம். இரண்டு மாதம் கழித்து முதல் மடல் வந்தது. முன் பக்கப் படத்தில் தலைவர் வெற்றி விழாவில் விளக்கேற்றினார். நாலாம் நிலை பற்றிச் சிந்திக்கத் தொடங்கிவிட்டதாக அறிவித்திருந்தார். வலது பூட்ஸ் இன்னும் தேய்ந்திருந்தது.

கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், 'திருத்தம்' என்று ஒரு பெட்டி. புதிய பதிப்பில் மூன்றாம் நிலைக் கட்டளைகளைப் பயன்படுத்தும் நிரல்களின் எண்ணிக்கை 'நாலாயிரத்து எண்ணூறு' என்று முந்தைய மடலில் அச்சாகிவிட்டது. தொகுக்கும் இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்க இயலாத காரணத்தால் மற்றவை பழையபடி இரண்டாம் நிலைக்கே தொகுக்கப்பட்டன. வாசகர்கள் அந்த எண்ணை 'ஒன்று' எனத் திருத்தி வாசிக்கவும்.

அந்த ஒன்று தலைவரின் மடிக்கணினியில் தொகுக்கப்பட்டது. கணினி மூன்றாம் நிலையில் இருக்கிறதா என்று சோதிக்கும் நிரல் அது.